மரியானோ ரிவேரா தன் ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கும்போது: தோற்ற இரவுகளை ஏன் இவ்வளவு லேசாகப் பேசுகிறார்?

எடிசன்வாசி:

இந்தப் பகுதியில் பேஸ்பால் பேச ஆள் குறைவு என்று தெரியும். கிரிக்கெட் இழைகளுக்கு நடுவில் இதையும் ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் போகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு ரிவேரா கொடுத்த பேட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனிதரிடம் எல்லாரும் கேட்பது வெற்றிகளைப் பற்றி இல்லை. 2001-இல் அரிசோனாவிடமும் 2004-இல் பாஸ்டனிடமும் கோட்டைவிட்ட ஆட்டங்கள், இந்த இரண்டும்தான். அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார். பந்து எங்கே போனது, யார் அடித்தார், தன் பிழை எது, எல்லாம் சொல்கிறார். சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். எனக்கு அது விசித்திரமாக இருக்கிறது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்காக: ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். தொடங்கிய பிட்சர் (பந்து எறிபவர்) களைத்த பிறகு அவர் இடத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ரிலீஃப் பிட்சர்கள். அணி கொஞ்ச ரன் முன்னிலையில் இருக்கும்போது கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவர் குளோசர். முடித்துக் கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’.

ரிவேரா பனாமாக்காரர். புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவக் கிராமம். 1995 முதல் 2013 வரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மட்டுமே ஆடினார். 652 சேவ், இதுவரை அதைத் தாண்டியவர் இல்லை. ஐந்து முறை சாம்பியன்: 1996, 1998, 1999, 2000, 2009. 2019-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது பேஸ்பால் ஜாம்பவான்களின் புகழ் மண்டபத்துக்கு, வாக்களித்த 425 பேரும் அவர் பெயரை எழுதினார்கள். ஒரு ஓட்டு கூடக் குறையாமல் உள்ளே போன முதல் ஆள் அவர்தான். பழைய ஜாம்பவான் பேப் ரூத்துக்கே அது வாய்க்கவில்லை.

பிளேஆஃப் ஆட்டங்களில் மட்டும் 141 இன்னிங்ஸ் போட்டு, அவர் கணக்கில் விழுந்த ரன் 11. நிலாவில் நடந்தவர்களே 12 பேர் என்று அமெரிக்காவில் இதை வைத்து ஒரு பழைய ஜோக் உண்டு.

இப்படிப்பட்டவர் தோற்றது கைவிட்டு எண்ணக்கூடிய இரவுகளில்தான். அதுவும் ஊரே பார்த்துக்கொண்டிருந்த இரவுகள். அதை எப்படி இவ்வளவு சாதாரணமாகப் பேச முடிகிறது? சுபாவமா, பக்தியா, இல்லை அந்த வேலையே ஆளை அப்படி ஆக்கிவிடுமா?

---

கணக்குப்பிள்ளை:

கேள்விக்குப் பதில் அப்புறம். முதலில் ‘சேவ்’ என்ற கணக்கையே நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகைக்காரர் கிளப்பிவிட்ட எண் இது. 1969-இல் அதிகாரப்பூர்வப் பதிவுக்குள் வந்தது. விதியைப் படித்தால் தெரியும்: மூன்று ரன் முன்னிலையில் வந்து, ஒரே ஒரு இன்னிங்ஸ் போட்டு, இரண்டு ரன் விட்டுக்கொடுத்தாலும் சேவ்தான்! பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துவிட்ட வண்டியின் ஸ்டியரிங்கை வாங்கி நிறுத்திவிட்டு, மதுரையிலிருந்து நான்தான் ஓட்டி வந்தேன் என்று சொல்கிற கதை.

ரிவேரா காலத்தில் ஒரு நல்ல ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர், வருஷத்துக்கு 200 இன்னிங்ஸ் போடுவார். குளோசர் 70 போடுவார். யார் பெரிய ஆள்?

1988-க்கு மேல் ஓக்லண்டில் மேனேஜர் டோனி லா ரூசா, குளோசர் டென்னிஸ் எக்கர்ஸ்லியை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தார். அது வெற்றி பெற்றதும் எல்லா அணியும் காப்பியடித்தது. ரிவேரா அந்த வசதியில் வளர்ந்தவர்.

---

பழைய ஸ்கோர்கார்டு:

கணக்குப்பிள்ளை சார், வண்டி அதிகம் இடிபடுவது ஸ்டாண்டுக்குள்ளேதான் :)

சேவ் விதி தளர்வானது என்பதை யாரும் மறுக்கவில்லை. பழைய ரிலீஃப் பிட்சர் கூஸ் கோசேஜ் பல வருஷமாக இதே புகாரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுபதுகளில் அவர் ஏழாவது எட்டாவது இன்னிங்ஸிலேயே, பேஸ் (ரன் எடுக்க ஓடுபவர்கள் தொட்டு நிற்கும் இடம்) நிறைய எதிரணி ஆள் நிற்கும்போது வருவார். இன்றைக்கு இருப்பவர்கள் பேஸில் யாரும் இல்லாத சுத்தமான மேடையில் வந்து மூன்று அவுட் எடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பது அவர் ஆதங்கம். நியாயமும் இருக்கிறது.

ஆனால் ரிவேராவை அந்தக் கூடையில் போடக்கூடாது. 1996-இல் அவர் குளோசரே இல்லை. குளோசர் ஜான் வெட்டலேண்டுக்கு முன்னால் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ் போடுகிற ஆள். அந்த ஒரு பருவத்தில் 107 இன்னிங்ஸுக்கு மேல் போட்டு 130 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார் (பேட்டர் அடிக்கத் தவறினால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட்). யாங்கீஸோடு ஆறு இன்னிங்ஸுக்குள் முன்னிலை எடுக்காவிட்டால் கதை முடிந்தது என்று எதிரணிகள் நினைத்த காலம் அது.

பிளேஆஃப் வந்துவிட்டால் யாங்கீஸ் மேனேஜர் ஜோ டோரி அவரை எட்டாவது இன்னிங்ஸிலேயே இறக்கிவிடுவார். 2003-இல் பாஸ்டனோடு ஏழாவது ஆட்டம். 5-5 என்று சமன். ரிவேரா ஒன்பது, பத்து, பதினொன்று என மூன்று இன்னிங்ஸ் போட்டார். பதினொன்றாவதில் யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்ததும் எல்லாரும் பூனைக் கட்டிப்பிடிக்க ஓட, ரிவேரா மட்டும் பிட்சர் மேட்டுக்கு ஓடி மண்ணில் குப்புற விழுந்து அழுதார். அன்றைக்கு அவருக்கு சேவ் எதுவும் கிடையாது. சேவ் கணக்கை மொத்தமாகத் தூக்கிப் போட்டாலும் அந்த மூன்று இன்னிங்ஸ் நிற்கும்.

---

மதுரைப்பந்து:

நான் முழுக்க கிரிக்கெட் ஆள். ஒரு சந்தேகம். ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் ஓட்டினார் என்று எங்கோ படித்தேன். உண்மையா? யார்க்கரை மட்டும் போடுகிற பவுலரைக்கூட இரண்டு சீசனில் கண்டுபிடித்து அடித்துவிடுவார்கள். இவரை எப்படி விட்டார்கள்?

---

எடிசன்வாசி:

கிட்டத்தட்ட உண்மைதான் தம்பி. அந்தப் பந்துக்குப் பெயர் கட்டர். உங்கள் கிரிக்கெட் கட்டருக்கு ஒரு விதத்தில் உறவு, ஆனால் தரையில் குத்தாமல் காற்றிலேயே வெட்டும். மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண வேகப்பந்து மாதிரியே வரும். பேட்டர் மட்டையைச் சுழற்ற முடிவெடுத்த பிறகு கடைசி சில அடியில் சில அங்குலம் விலகும். வலது கைக்காரருக்கு வெளியே போகும், இடது கைக்காரருக்கு உள்ளே கையை நோக்கி வரும். இடது கைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். மட்டையின் தடித்த பகுதியில் படவேண்டிய பந்து பிடிக்குப் பக்கத்தில் படும். மட்டை பிளந்துவிடும்.

1999 வேர்ல்ட் சீரிஸில், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரில், அட்லாண்டாவின் ரயன் கிளெஸ்கோ ஒரே முறை ஆட வந்து மூன்று மட்டையை உடைத்துக்கொண்டார். அவர் அணிக்காரர் சிப்பர் ஜோன்ஸ் டக்அவுட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது கேமராவில் இருக்கிறது. 2013-இல் ரிவேரா விடைபெற்றபோது மினசோட்டா அணி உடைந்த மட்டைகளை வைத்தே ஒரு சாய்ந்தாடும் நாற்காலி செய்து பரிசளித்தது. அவர் வாங்கிய பரிசுகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்தப் பந்து வந்த கதை இன்னும் ருசி. 1997 ஜூன், டெட்ராய்ட். ஆட்டத்துக்கு முன்னால் ரமீரோ மெண்டோசாவோடு பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். மெண்டோசாவும் பனாமாக்காரர். பந்து கடைசி நொடியில் விலகுகிறது, கையுறையில் சரியாக உட்காரவில்லை. ஒழுங்காக எறி என்று அவர் கடுப்பாகிறார். ஒழுங்காகத்தான் எறிகிறேன் என்கிறார் இவர். பிட்சிங் கோச் மெல் ஸ்டாட்டில்மையரோடு உட்கார்ந்து அந்த விலகலை நிறுத்தத்தான் முதலில் பாடுபட்டார்கள்! முடியவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கடவுள் கொடுத்தது என்பது ரிவேராவின் விளக்கம். இன்றுவரை அதை மாற்றிச் சொன்னதில்லை.

ரகசியமாகவும் வைத்துக்கொள்ளவில்லை. 2008 ஆல் ஸ்டார் ஆட்டத்தின்போது எதிரணியான டொராண்டோவின் ராய் ஹாலடே விரல் பிடி எப்படி என்று கேட்க, காட்டிக்கொடுத்துவிட்டார். ஹாலடே அதை ஒரு பந்தில் பேனாவால் வரைந்து வைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் விளையாட்டாக ஒரு பஞ்சாயத்து வைத்து ரிவேராவுக்கு அபராதம் போட்டார்கள்.

---

ரெட்சாக்ஸ் அக்கா:

யாங்கீஸ் பெருமையாகவே போய்க்கொண்டிருக்கிறதே. பாஸ்டன் தரப்பிலிருந்து நான் வந்தேன்.

2004 அக்டோபர் 17, ஃபென்வே பார்க். தொடரில் மூன்று ஆட்டம் தோற்றிருக்கிறோம். நான்காவதும் போனால் மூட்டை கட்டவேண்டியதுதான். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று அவர்கள் முன்னிலை, மேட்டில் ரிவேரா. எங்கள் வீட்டில் டிவியை அணைத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். பெயர் சொல்லமாட்டேன், கணவர்தான்.

எங்கள் கெவின் மில்லாருக்கு வாக், அதாவது நான்கு பந்து தவறாகப் போனதால் முதல் பேஸ் இலவசம். ரிவேரா வாக் கொடுப்பதே அபூர்வம். அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் வந்தார். அவர் வந்தது இரண்டாவது பேஸைத் திருடத்தான், அதாவது பேட்டர் அடிக்காமலே ஓடிப் பிடிக்கத்தான் என்று மைதானத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும். ரிவேரா அடுத்தடுத்து மூன்று முறை முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து அவரை விரட்டினார். மூன்றாவது முறை ராபர்ட்ஸ் மயிரிழையில் தப்பினார். அப்புறம் பேட்டருக்கு முதல் பந்து, ராபர்ட்ஸ் ஓட்டம் பிடித்தார். கேட்சர் பொசாடாவின் எறி நன்றாகவே வந்தது. அவர்கள் ஃபீல்டர் ஜீட்டர் பந்தோடு ராபர்ட்ஸைத் தொட்டார், ஆனால் ராபர்ட்ஸ் கை பேஸில் பட்டபிறகு. பில் மியூல்லர் மேட்டைத் தாண்டி நடுவில் அடித்தார், ராபர்ட்ஸ் வீடு வந்தார், 4-4. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் எங்கள் ஓர்ட்டிஸ் ஹோம் ரன். அதிலிருந்து நாங்கள் தோற்கவே இல்லை. 86 வருஷத்துக்குப் பிறகு கோப்பை.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த ஏப்ரல். 2005, ஃபென்வேயில் முதல் ஆட்டம். எங்களுக்குச் சாம்பியன் மோதிரம் கொடுக்கும் நாள், எதிரணி அதே யாங்கீஸ். அவர்கள் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக அறிவிக்கிறார்கள். எல்லாருக்கும் கூச்சல்தான். ரிவேரா பெயர் வந்ததும் மொத்த மைதானமும் எழுந்து கைதட்டியது. பாராட்டு இல்லை, கிண்டல்! உன்னால்தான் ஜெயித்தோம் என்கிற நன்றி. வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். இவர் தொப்பியைக் கழற்றி உயர்த்தி, வாய் நிறையச் சிரித்தார். அதற்கு மேல் அவரைத் திட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. கடுப்பாக இருந்தது, உண்மையில்.

---

பழைய ஸ்கோர்கார்டு:

அக்கா 2004 சொல்லிவிட்டார், நான் 2001-ஐச் சொல்கிறேன். எனக்கு இதுதான் பெரியது.

2001 நவம்பர் 4, ஃபீனிக்ஸ். வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். செப்டம்பர் 11 நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நாடு முழுக்க நியூயார்க் அணியை வேறு கண்ணோடு பார்த்த நேரம். எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் சொரியானோ ஹோம் ரன் அடித்து 2-1. ரிவேரா வந்தார், எட்டாவதில் மூன்று அவுட்டும் ஸ்ட்ரைக் அவுட். முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஒன்பதாவது. மார்க் கிரேஸ் சிங்கிள். அடுத்து டேமியன் மில்லர் பந்த், அதாவது மட்டையைக் குறுக்கே பிடித்து மெல்லத் தட்டிவிடுவது. பந்து நேராக ரிவேரா கையில்தான் வந்தது. இரண்டாவது பேஸுக்கு எறிந்தார், ஜீட்டரைத் தாண்டி நடுமைதானத்துக்குப் போய்விட்டது. இதைத்தான் அவர் தன் பிழை என்று இன்றும் சொல்கிறார். அடுத்தவரும் பந்த். இந்த முறை மூன்றாவது பேஸில் ஒரு அவுட். அங்கே நின்ற பிராஷஸ் உடனே முதல் பேஸுக்கு எறிந்திருந்தால் இரண்டாவது அவுட்டும் கிடைத்திருக்கலாம். பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டார். டோனி வோமாக் வலது ஓரக் கோட்டை ஒட்டி டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகிற அடி), 2-2. கிரெய்க் கவுன்செல் மேல் பந்து பட்டது, அதற்கு முதல் பேஸ் இலவசம், பேஸ்கள் நிரம்பின.

லூயிஸ் கோன்சாலஸ் வந்தார். அந்த வருஷம் 57 ஹோம் ரன் அடித்தவர், அன்றைக்குப் பிடியைச் சுருக்கிக்கொண்டு நின்றார், பந்தைத் தொட்டால் போதும் என்று. ஒரு ரன் வந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் டோரி உள்வட்ட ஃபீல்டர்களை முன்னால் இழுத்திருந்தார். டிவி வர்ணனையில் டிம் மெக்கார்வர் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்: ரிவேரா இடது கைக்காரர்களுக்கு உள்ளே போடுவார், அவர்கள் மட்டை உடைந்து பந்து உள்வட்டத்தைத் தாண்டி விழும், அதுதான் இதில் ஆபத்து என்று. அடுத்த பந்து அப்படியே நடந்தது. ஜீட்டர் தலைக்கு மேல், புல் தொடங்கும் இடத்தில் தொப்பென்று விழுந்தது. அவர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் சும்மா பிடித்திருப்பார்.

இனி ரிவேரா எப்படித் திரும்பிப் பார்க்கிறார் என்பதற்கு வருகிறேன். அணியில் என்ரிக்கே வில்சன் என்று ஒரு ஆட்டக்காரர், டொமினிக்கன் நாட்டுக்காரர். யாங்கீஸ் ஜெயித்திருந்தால் நியூயார்க்கில் ஊர்வலம், அதை முடித்துவிட்டு ஊருக்குப் போக நவம்பர் 12 விமானம். தோற்றதால் ஊர்வலம் இல்லை, அவர் முன்னதாகவே கிளம்பிவிட்டார். அந்த நவம்பர் 12 விமானம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, குவீன்ஸில் விழுந்து அதில் இருந்த 260 பேரும் இறந்தார்கள். தரையில் இருந்த ஐந்து பேரும். அன்று தோற்றது நல்லதுதான், நண்பன் பிழைத்தான் என்று ரிவேரா பிறகு சொன்னார்.

எடிசன்வாசி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அவருக்கு ஆட்டத்தைவிடப் பெரிய ஒரு கணக்கு இருக்கிறது.

---

வலைப்பயிற்சி:

எல்லாம் அருமை. ஆனால் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஐந்து மோதிரம் விரலில் இருந்தால் தோல்வியைச் சிரித்துக்கொண்டே பேசலாம். மோதிரம் இல்லாதவர்களைப் பாருங்கள்.

மிட்ச் வில்லியம்ஸ், ஃபிலடெல்ஃபியா, 1993. ஜோ கார்ட்டர் அவர் பந்தை அடித்துத்தான் வேர்ல்ட் சீரிஸை முடித்தார். தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே வில்லியம்ஸுக்குக் கொலை மிரட்டல். அன்றிரவு ஒளியாமல் லாக்கர் முன்னால் நின்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். அந்தக் குளிர்காலமே வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். பழைய மாதிரி ஆடவே இல்லை.

டானி மூர், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ், 1986. இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் கிடைத்தால் அணி வேர்ல்ட் சீரிஸுக்குள். டேவ் ஹெண்டர்சன் ஹோம் ரன் அடித்தார். சொந்த ரசிகர்கள் பல மாதம் கூச்சல் போட்டார்கள். மூர் 1989-இல் தற்கொலை செய்துகொண்டார். எல்லாவற்றையும் அந்த ஒரு பந்தின் மேல் போடுவது தவறு. அவர் வீட்டில் வன்முறை இருந்தது, உடம்பில் காயங்கள் இருந்தன, வேலை போயிருந்தது. ஆனாலும் இந்த வேலை எப்படிப்பட்ட பாரத்தை ஒருவர் தலையில் வைக்கும் என்பதற்கு அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அப்புறம் அதே 2001 தொடரில் எதிர்ப்பக்கம் இருந்த கொரியப் பையன் பியுங்-ஹியுன் கிம். 22 வயது. நான்காவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், யாங்கீஸின் டீனோ மார்ட்டினஸ் ஹோம் ரன், ஆட்டம் சமன். பத்தாவதில் ஜீட்டர் ஹோம் ரன், தோல்வி. மறுநாள் அதே ஒன்பதாவது, அதே இரண்டு அவுட், பிராஷஸ் ஹோம் ரன். மேட்டில் குந்தி உட்கார்ந்துவிட்டான். தொடரை ஜெயித்தது அவன் அணி! மோதிரமும் கிடைத்தது. இருந்தும் அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் கிம் என்றால் அந்த இரண்டு இரவுதான். தோற்ற ரிவேரா மகான், ஜெயித்த கிம் பரிதாபம். இதில் சுபாவம் எங்கே வந்தது?

---

கணக்குப்பிள்ளை:

முதல் முறையாக இந்த இழையில் ஒருவரோடு ஒத்துப்போகிறேன். ரிவேரா பிளேஆஃபில் ஆடியது 96 ஆட்டம். அத்தனை வாய்ப்பு கொடுத்தால் இரண்டு மூன்று தோல்வி மற்ற வெற்றிகளுக்கு நடுவில் கரைந்துவிடும். மூருக்குத் திருத்திக்கொள்ள இன்னொரு அக்டோபர், அதாவது பிளேஆஃப் மாதம், கிடைக்கவே இல்லை.

வழக்கமான பருவத்தில் ரிவேராவின் சேவ் வாய்ப்புகளில் வெற்றி சுமார் 89 சதவீதம். பிரமாதம்தான், ஆனால் நல்ல குளோசர்கள் பலர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். சான் டியேகோ குளோசர் டிரெவர் ஹாஃப்மன் 601 சேவ் எடுத்தவர். குழந்தையிலேயே ஒரு சிறுநீரகம் போனவர், ரிவேரா மாதிரியே ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) ஆடித் தொடங்கியவர். அவர் விரலில் ஒரு மோதிரம்கூட இல்லை. பக்கத்தில் ஜீட்டர், பெர்னி வில்லியம்ஸ், ஆண்டி பெட்டிட் இருந்த ஆளையும் சான் டியேகோவில் தனியாக நின்ற ஆளையும் எப்படி ஒப்பிடுவது?

---

எடிசன்வாசி:

வலைப்பயிற்சி சொன்னது நல்ல அடி. இருந்தாலும் முழுசாக ஏற்க முடியவில்லை. மோதிரங்களுக்கு முன்னால் இருந்த ரிவேராவைப் பாருங்கள்.

இருபது வயதுக்கு முன்னால் அப்பாவோடு மீன்பிடிப் படகில் வேலை. அந்தப் படகு ஒருமுறை கவிழ்ந்து உயிர் தப்பியிருக்கிறார். சின்ன வயதில் கையுறை வாங்கக் காசு இல்லாமல் பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையில் மாட்டிக்கொண்டு ஆடியவர். 1990-இல் யாங்கீஸ் அவரை எடுத்தது சில ஆயிரம் டாலருக்கு. 1992-இல் முழங்கை அறுவை சிகிச்சை. அதே வருஷம் புதிதாகச் சேர்ந்த இரண்டு அணிகள் மற்ற அணிகளிலிருந்து ஆள் எடுக்கலாம் என்று வந்தபோது யாங்கீஸ் அவரைப் பாதுகாப்புப் பட்டியலிலேயே வைக்கவில்லை. அந்த இரண்டு அணிகளும் அவரைச் சீந்தவில்லை. 1995 மே மாதம் ஸ்டார்ட்டராக முதல் ஆட்டம், நான்கு இன்னிங்ஸ்கூட முடிக்காமல் ஐந்து ரன் கொடுத்துவிட்டு இறங்கினார். கொஞ்ச நாளில் கீழ்மட்டமான மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1996 தொடக்கத்தில் சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஃபெர்மினுக்கு மாற்றாகக் கொடுத்துவிடலாமா என்று பேச்சு. நினைத்தால் சிரிப்பு வருகிறது.

முக்கியமானது 1997 ஏப்ரல். வெட்டலேண்ட் போய்விட்டார், ரிவேரா முதல் முறையாகக் குளோசர். முதல் ஆறு வாய்ப்பில் மூன்றைக் கோட்டைவிட்டார். டோரியும் ஸ்டாட்டில்மையரும் அறைக்குள் கூப்பிட்டார்கள். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். நாங்கள் இங்கே இருக்கிறவரை நீதான் எங்கள் குளோசர் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வருஷம் அக்டோபரில் கிளீவ்லாண்டின் சாண்டி அலோமார் ஹோம் ரன் அடித்து யாங்கீஸ் வெளியேற வழி செய்தார். அப்போதும் யாரும் வேலையைப் பிடுங்கவில்லை. அடுத்த மூன்று வருஷமும் கோப்பை.

என் கணிப்பு இது. தோல்வியை மறக்கிற குணம் அவருக்குக் கொஞ்சம் பிறவியிலேயே இருந்திருக்கலாம். ஆனால் மறக்க அனுமதி கொடுத்தது டோரி. மிட்ச் வில்லியம்ஸை அணி அந்தக் குளிர்காலமே அனுப்பிவிட்டது. ரிவேராவை வைத்துக்கொண்டது. வித்தியாசத்தில் பாதி அந்த அறைக்குள் நடந்த பேச்சில் இருக்கிறது.

---

ரெட்சாக்ஸ் அக்கா:

டோரி விஷயம் சரியாக இருக்கலாம். ஆனால் பக்தியை ஒதுக்கிவிடாதீர்கள். 2004 தொடருக்குச் சில நாள் முன்னால் பனாமாவில் ரிவேரா வீட்டு நீச்சல் குளத்தில் மின்சாரம் பாய்ந்து அவர் மனைவியின் உறவினர் இருவர் இறந்தார்கள். ஒருவர் சிறுவன். முதல் ஆட்டத்தன்று காலையில் அடக்கம், அதை முடித்துக்கொண்டு விமானம் ஏறி, ஆட்டம் தொடங்கிய பிறகு மைதானத்துக்கு வந்து, எட்டாவது இன்னிங்ஸில் இறங்கி சேவ் எடுத்தார். டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடியது இதற்குச் சில நாள் கழித்துதான்.

நாங்கள் அப்போது இதையெல்லாம் யோசிக்கவே இல்லை. ராபர்ட்ஸ் ஓடினார், கத்தினோம், அவ்வளவுதான்.

---

மதுரைப்பந்து:

இழையை ஒரே மூச்சில் படித்தேன். சட்டை எண் 42 என்று எல்லாப் படத்திலும் பார்க்கிறேன். அது ஜாக்கி ராபின்சன் எண் என்பார்களே, இவர் எப்படிப் போட்டார்? அப்புறம், முதலில் எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்?

---

எடிசன்வாசி:

1997 ஏப்ரலில் 42-ஐ எல்லா அணிகளிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், நிறத் தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ராபின்சன் நினைவாக. அப்போது ஏற்கெனவே அதைப் போட்டிருந்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒவ்வொருவராக ஓய்வு பெற, கடைசியாக மிஞ்சியவர் ரிவேரா.

பார்ப்பதற்கு 2013 செப்டம்பர் 26, யாங்கி ஸ்டேடியத்தில் அவர் கடைசி ஆட்டம். அதற்கு முந்தைய வருஷம் மே மாதம் கேன்சஸ் சிட்டியில், ஆட்டத்துக்கு முன்னால் சக ஆட்டக்காரர்கள் அடித்துப் பழகும்போது பந்தைத் துரத்தி ஓடி முழங்கால் தசைநார் கிழிந்தது. 42 வயது. அதோடு போய்விடுவார் என்று நினைத்தோம். இப்படி முடிக்கமாட்டேன் என்று மறுநாளே சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, 2013-இல் 44 சேவ் எடுத்தார். அந்தப் பருவத்தில் போன ஊரில் எல்லாம் டிக்கெட் கிழிப்பவர்கள், புல் வெட்டுபவர்கள், சமையல்காரர்கள், நோயாளி ரசிகர்கள் என்று ஒரு சின்னக் கூட்டத்தைக் கூட்டி உட்கார்ந்து பேசினார். பத்திரிகைக்காரர்கள் கேட்டு வைத்த ஏற்பாடு இல்லை, அவரே கேட்டது.

அந்தக் கடைசி ஆட்டத்தில் யாங்கீஸ் பின்தங்கியிருந்தது. சேவுக்கே வழியில்லை. எட்டாவதில் வந்து இரண்டு அவுட், ஒன்பதாவதில் இரண்டு அவுட். அப்போது அவரை மேட்டிலிருந்து இறக்க மேனேஜர் ஜிரார்டி வரவில்லை. நடுவரிடம் கேட்டுவிட்டு பெட்டிட்டையும் ஜீட்டரையும் அனுப்பினார். கிளம்ப நேரமாகிவிட்டது என்கிற மாதிரி ஜீட்டர் ஏதோ சொல்ல, ரிவேரா பெட்டிட் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினார். இத்தனை தோல்விக்கும் ஊர் முன்னால் அழாத ஆள். ஆட்டம் 4-0 என்று டாம்பா பேயிடம் தோல்வி. அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

---

வலைப்பயிற்சி:

அண்ணா, டோரி பதிலை நான் முக்கால்வாசி ஏற்கிறேன். மீதிக் கால்வாசிக்கு எக்கர்ஸ்லியைச் சொல்லி வைக்கிறேன். 1988 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம், இரண்டு காலும் சரியில்லாமல் நொண்டிக்கொண்டு வந்த கர்க் கிப்சன், எக்கர்ஸ்லியின் ஸ்லைடரை (பக்கவாட்டில் விலகும் பந்து) ஹோம் ரன் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். எக்கர்ஸ்லியும் அன்றிரவு கடைசி நிருபர் போகும்வரை நின்று பதில் சொன்னார். அப்போது அவர் விரலில் மோதிரம் கிடையாது. அடுத்த வருஷம்தான் வந்தது. ஆக, மோதிரம் இல்லாமலும் அப்படி நிற்க முடியும் என்று நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூரை யாரும் ‘மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லி அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார்களா என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் உருகிவிட்டீர்கள், ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறேன். வழக்கமான பருவத்தில் சியாட்டில் பேட்டர் எட்கர் மார்ட்டினஸ் ரிவேராவுக்கு எதிராக 19-க்கு 11 முறை வெற்றிகரமாக அடித்திருக்கிறார். இவரை என்னால் அவுட் ஆக்கவே முடியாது என்று ரிவேராவே சொல்லியிருக்கிறார். 2019-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ரிவேராவோடு ஒரே நாளில் தேர்வானவர்களில் மார்ட்டினஸும் ஒருவர். 425 பேரில் அவர் பெயரை எழுதியவர்கள் 363 பேர்.

---

பழைய ஸ்கோர்கார்டு:

வலது கைக்காரர், பந்து வெளியே போகப் போகப் பின்தொடர்ந்து வலது பக்கம் அடிப்பார். கட்டருக்கு மருந்து கண்டுபிடித்த ஒரே ஆள். எக்கர்ஸ்லிக்குத் தனி இழை யாராவது தொடங்குங்கள், கிப்சன் நொண்டியதிலிருந்து ஆரம்பிக்கலாம்.